உப்பளத்து வெயிலும் ஒரு சின்ன ஃப்ளாஷும்

"அக்கா, இதுல எங்கம்மா எங்க நிக்காங்கன்னு சொல்லுங்க பாப்போம்!"

கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டேதான் செல்போனை நீட்டினாள். தூத்துக்குடியில் ஒரு பழைய ஸ்டூடியோ. கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பளீரென்று உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். நடுவில், தலையில் துண்டு கட்டிய ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு நிழல்.

பெண் அடுத்த படத்தைத் தள்ளினாள். அதே இடம், அதே ஆள். இந்த முறை அழகு ஃபில்டர் போட்டு எடுத்தது. முகம் மைதா மாவு பூசியதுபோல இருந்தது. கன்னத்து மச்சத்தைக்கூடக் காணோம்.

"இதை அம்மாகிட்ட காட்டினேன்க்கா. 'யாருட்டி இந்தப் பொம்பள?'ன்னு கேட்டுட்டாங்க."

அவள் கேட்டது பெரிய அவுட்டோர் ஷூட் எல்லாம் இல்லை. கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு ஒரே ஒரு படம். அம்மாவும் மகளும், அம்மா இருபத்தைந்து வருஷமாக உப்பு வாரிய அந்த அளத்திலேயே. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலைத்துண்டு என்று வேலை செய்யும் கோலத்தில் அம்மா நிற்க வேண்டும். முகம் தெரிய வேண்டும். அம்மாவின் சொந்த முகம்.

தெருவில் எல்லோரும் 'ஸ்டூடியோ அக்கா' என்று கூப்பிடும் அந்தப் பெண்மணி உடனே சரி என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால், தமிழ்நாட்டில் பெரும்பங்கு தூத்துக்குடிக்குத்தான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் உப்பளத்துக்குள் நின்று ஒரு முகத்தை அவர் எடுத்ததில்லை. எடுத்ததெல்லாம் கடற்கரையிலும் பூங்காவிலும், அதுவும் மாலை ஐந்தரைக்கு மேல்.

இங்கே மாலைக்கு வழியில்லை. அளத்து வேலை விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறியதும் முடிந்துவிடும். சூப்பர்வைசர் அனுமதி கொடுத்தது ஆட்கள் கிளம்பும் நேரத்துக்கு மட்டும். காலை 11 மணி. போட்டோ எடுப்பவர்கள் நிழல் தேடி ஓடும் நேரம்!

முதல் நாள், முதல் தோல்வி

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒத்திகை பார்க்க ஸ்டூடியோ அக்கா ஒருநாள் அளத்துக்குப் போனார்.

அந்த அம்மாவைச் சூரியனைப் பார்த்து நிற்க வைத்தார். கண் கூசி, முகம் சுருங்கி, புருவத்துக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழிகள். திருப்பி, சூரியன் முதுகில் படும்படி நிற்க வைத்தார். கண் திறந்தது. ஆனால் முகம் இருட்டிவிட்டது. செல்போன் செய்த அதே தப்பை, விலை கூடிய கேமராவும் செய்தது. பாவம், அதைச் சொல்லியும் குற்றமில்லை. கண்ணைப் பறிக்கும் உப்பைப் பார்த்து 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அதில் முகமும் சேர்ந்து போகும்.

கல்யாண வீடுகளில் பிடிக்கும் வெள்ளி ரிஃப்ளெக்டரைத் தம்பி பிடித்தான். வெயில் திரும்பி முகத்தில் அடித்ததும் அந்த அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நாள் முழுக்க உப்பின் கூச்சத்தைப் பார்த்த கண் அது. அதற்கு மேலும் வெளிச்சம் காட்டுவது பாவம் என்று தோன்றியது. ரிஃப்ளெக்டரை மடித்து வைத்தாயிற்று.

அந்த அம்மா ஒன்றும் கோபப்படவில்லை. தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடு தாயி. என் மொகம் போட்டோவுல விழாது. ஒங்க அப்பாதான் எங்க கல்யாணப் போட்டோ எடுத்தாக. அதுலயே விழலை" என்றார்.

அந்தச் சொல் ஸ்டூடியோ அக்காவை வீடு வரை துரத்தியது.

அப்பாவின் பவுடர் டப்பா

ஸ்டூடியோ அப்பா ஆரம்பித்தது. இப்போது கண் மங்கிவிட்டதால் வாசல் நாற்காலியோடு சரி. மகள் சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்பல்லாம் கறுப்பா ஆள் வந்தா, 'கண்ணாடி அங்க இருக்கு, பவுடர் போட்டுட்டு வாங்க'ன்னு சொல்லிருவேன். அதுக்கு மேல நான் யோசிச்சதில்ல" என்றார்.

கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. அந்தக் காலத்து ஸ்டூடியோ என்றால் இந்த மூன்றும் இருக்கும். அப்பா மட்டும் செய்த தப்பில்லை அது. கலர் ஃபிலிம் காலத்தில், பிரின்ட்டில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க லேப்களில் ஒரு மாதிரிப் படம் வைத்திருப்பார்கள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். பல வருஷங்களுக்கு அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்த முகம் சரியாக வந்தால் பிரின்ட் சரி என்று கணக்கு. உப்பளத்து முகம் எப்படி வரும் என்று யார் பார்த்தார்கள்?

அப்பா எழுந்து போய் பீரோவிலிருந்து தன் பழைய ஃப்ளாஷைத் தேடி எடுத்து வந்தார். "இதைப் போட்டு எடுத்துப் பாரேன். நல்ல பவரு" என்றார்.

நல்லவேளை, அதை கேமராவில் மாட்டுமுன் எலெக்ட்ரீஷியன் மச்சான் ஒருவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றில் இப்படி இருக்கும். அந்தக் காலத்து இரும்பு கேமரா தாங்கியது. இன்றைய டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் தாங்காது. வீட்டில் பழைய ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அப்பாவின் ஃப்ளாஷ் பத்திரமாக பீரோவுக்கே திரும்பியது.

புதிது வாங்குவது என்று முடிவானது. சீட்டு எடுத்த பணத்தில் கையிலிருந்தது 12 ஆயிரம் ரூபாய்.

"யாரை எடுக்கப் போறீய?"

கேமரா கடை அண்ணாச்சியிடம் போய், "அவுட்டோருக்கு எந்த ஃப்ளாஷ் நல்லது?" என்று கேட்டார் ஸ்டூடியோ அக்கா.

அண்ணாச்சி ஷோகேஸைத் திறக்கவில்லை. "யாரை எடுக்கப் போறீய? எத்தனை மணிக்கு? பின்னால இருக்கறது தெரியணுமா, மங்கணுமா?" என்று மூன்று கேள்வி கேட்டார். அந்த மூன்று கேள்வியில்தான் பாதிப் பணம் மிச்சமானது.

முதலில் அவர் காட்டியது பேட்டரியில் ஓடும் பெரிய ஃப்ளாஷ், 200 வாட்-செகண்ட் வகை. கேமரா மேல் மாட்டும் சாதாரண ஃப்ளாஷைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி. உச்சி வெயிலோடு மல்லுக்கட்ட அதுதான் ராஜா. விலையும் ராஜா விலைதான். பெரிய குடும்பமாக நிற்க வைத்து எடுப்பவர்களுக்கும், தினமும் அவுட்டோர் போகிறவர்களுக்கும் அது தேவை. ஒரு நாள் வேலைக்கு என்றால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது டி.டி.எல். வசதி உள்ளது. படம் எடுக்குமுன் ஒரு சிறு மின்னல் அடித்து, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமராவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஓடி ஆடும் குழந்தையை, மேடையில் நகரும் மாப்பிள்ளையை எடுக்க இது சௌகரியம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் நாமே கையால் வைத்துக்கொள்ளும் மேனுவல் ஃப்ளாஷ். கோடாக்ஸ் நிறுவனத்தின் டி.டி.600 மாடல். நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். டி.டி.எல். கிடையாது. ஆனால் உள்ளேயே ரிசீவர் இருக்கிறது. கேமரா மேல் ஒரு டிரிக்கரை மாட்டிவிட்டால், வயர் இல்லாமல் தள்ளி வைத்து அடிக்கலாம்.

பெட்டியில் 'கைடு நம்பர் 60' என்று போட்டிருந்தது. "இது என்ன கணக்கு அண்ணாச்சி?"

"எம்புட்டு தூரம் எட்டும்னு சொல்லுத கணக்கு. அந்த நம்பரை எஃப் நம்பரால வகுத்தா மீட்டர் வரும். ஆனா 60ங்கறது ஃப்ளாஷ் தலையை 200 எம்.எம்.க்கு இழுத்து, வெளிச்சத்தை ஒடுக்கி வச்சு, 100 ஐ.எஸ்.ஓ.வுல சொல்லுத நம்பர். அகலமா விரிச்சா கிடுகிடுன்னு கொறைஞ்சிரும். குடை, டப்பா மாட்டினா இன்னும் கொறையும். பெட்டியில இருக்க நம்பரைப் பாத்து ஏமாந்திராதீய."

இன்னொரு சிக்கலும் இருந்தது. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் என்பது இரண்டு திரை. ஒன்று திறந்துகொண்டே போக, இன்னொன்று பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். விநாடியில் 200-ல் ஒரு பங்கு அல்லது 250-ல் ஒரு பங்கு வேகம் வரைதான் முழு ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் கூட்டினால் ஒரு கீற்று மட்டுமே திறந்திருக்கும். அப்போது ஃப்ளாஷ் அடித்தால் படத்தில் பாதிக்குக் கறுப்புப் பட்டை விழும்.

இதற்கு மாற்றுதான் 'ஹை ஸ்பீட் சிங்க்'. ஒரே அடியாக அடிக்காமல், கீற்று நகர்ந்து முடியும் வரை ஃப்ளாஷ் துடித்துத் துடித்து எரியும். வெயிலில் லென்ஸை முழுக்கத் திறந்து, பின்னணியை மங்கலாக்க நினைப்பவர்களுக்கு இது பெரிதும் உதவும். ஆனால் சக்தி நாலில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். சின்ன ஃப்ளாஷ் என்றால் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும்.

அண்ணாச்சியின் மூன்றாவது கேள்வி இப்போது புரிந்தது. இந்தப் படத்தில் பின்னணி மங்க வேண்டுமா? கூடவே கூடாது. அந்த அம்மாவின் பின்னால் இருப்பது உப்பளம். இருபத்தைந்து வருஷம். அதை மங்கலாக்கினால் பிறகு எதற்கு அங்கே போவது? எஃப் 11-ல், 200-ல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் போதும். முகமும் தெரியும், உப்பும் தெரியும். ஆள் ஓடப்போவதில்லை, அதனால் டி.டி.எல். அவசியமில்லை. ஒன்றரை மீட்டர் தூரத்தில் வைக்கப்போவதால் பெரிய ஃப்ளாஷும் வேண்டாம்.

மூன்றாவதையே வாங்கினார். டிரிக்கர், இரண்டு செட் ரீசார்ஜபிள் பேட்டரி, வெள்ளைக் குடை, ஒரு ஸ்டாண்டு. 12 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது. டிரிக்கர் வழியாக ஹை ஸ்பீட் சிங்க் வசதியும் அதில் உண்டு. நாளைக்கு வேறு வேலைக்கு ஆகும்.

குடை பறந்தது

அடுத்த ஞாயிறு, காலை 11 மணி. கல்யாணப் பெண் பட்டுச்சேலையில் வந்திருந்தாள். அவள் அம்மா அப்போதுதான் பாத்தியிலிருந்து ஏறி வந்தார். காலெல்லாம் உப்பு.

ஸ்டாண்டில் ஃப்ளாஷை மாட்டி வெள்ளைக் குடையை விரித்த இரண்டாவது நிமிடம், கடல் காற்று ஸ்டாண்டைச் சாய்த்தது. தம்பி ஓடிப்போய்ப் பிடித்தான். இன்னொரு முறை நிறுத்தினார்கள். இன்னொரு முறை சாய்ந்தது.

"குடையை மடக்குடா. ஸ்டாண்டும் வேண்டாம். நீயே கையில பிடிச்சுக்க" என்றார் அக்கா. ஃப்ளாஷ் தலையில் ஒரு சின்ன வெள்ளை மூடி மட்டும். வெட்டவெளியில் பணம் கொடுத்து வாங்கிய குடையைவிட, பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பது பெரிது.

சூரியன் இருவர் முதுகுக்குப் பின்னால். முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் உப்புக்கும் வானத்துக்கும் அளவு வைத்தார். உப்பு வெறும் வெள்ளையாக வெடித்துப்போகாமல், அதன் பொடிப்பொடி மினுமினுப்பு தெரியும் அளவு. அதன் பிறகு ஃப்ளாஷ். முகத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், ஒன்றரை மீட்டரில். சக்தியைப் பாதியில் வைத்து ஒரு படம் எடுத்தார்.

திரையைப் பார்த்ததும் திக்கென்றது. முகம் வெளுத்துப்போய், வியர்வை எண்ணெய்போல மின்னி, மச்சம் மறுபடியும் காணாமல் போயிருந்தது. செல்போன் ஃபில்டர் செய்த அதே வேலை! ஃபில்டரும் பவுடரும் மட்டுமில்லை, ஃப்ளாஷும் பொய் சொல்லும் என்பது அப்போதுதான் உறைத்தது.

சக்தியைக் குறைத்தார். நாலில் ஒரு பங்கு. பிறகு எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு படியிலும் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கன்னத்து எலும்பின் கோடு, நெற்றிச் சுருக்கம், உதட்டோரத்து வெடிப்பு, அந்த மச்சம். எட்டில் ஒரு பங்கில் நிறுத்தினார். இருட்டும் இல்லை, வெளுப்பும் இல்லை. வெயிலுக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு, நிழலை மட்டும் தணிக்கும் வெளிச்சம்.

வியர்வையைத் துடைக்க மகள் கைப்பையிலிருந்து காம்பாக்ட் பவுடரை எடுத்தாள். "அது வேண்டாம்மா. துண்டாலயே ஒத்திவிடு" என்றார் அக்கா.

"பெரியம்மா, கண்ணை மூடிக்கோங்க. நான் மூணு சொல்லும்போது தெறந்தா போதும்."

ஒன்று, இரண்டு, மூன்று. கண் திறந்தது. கூசுமுன் படம் விழுந்தது. ரிஃப்ளெக்டர்போலக் கண்ணில் நின்று அடிக்காமல், வந்த சுவடு தெரியாமல் போய்விடும் வெளிச்சம் அல்லவா? அந்த அம்மா கண்ணைச் சிமிட்டி, "முடிஞ்சிட்டா? மின்னல் வெட்டினாப்ல இருந்துச்சு, கண்ணு கூசவே இல்லியே" என்றார். மகள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் விழுந்தது.

மொத்தம் இருபது நிமிடம். கிளம்புமுன் ஃப்ளாஷின் உலோகப் பகுதிகளை உலர்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தார். உப்புக் காற்று இரும்பை விடாது, எலெக்ட்ரானிக்ஸையும் விடாது.

அக்காவின் நோட்டில் இருப்பவை

அன்று இரவு, தன்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்காக ஸ்டூடியோ அக்கா நோட்டில் எழுதி வைத்தவை இவை. அவுட்டோரில் முகம் எடுக்க ஃப்ளாஷ் வாங்கும் யாருக்கும் உதவும்.

1. கடைக்குப் போகுமுன், யாரை, எங்கே, எத்தனை மணிக்கு எடுக்கப்போகிறோம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். மாடல் பெயர் அதற்கு அப்புறம்.

2. பின்னணி மங்க வேண்டும் என்றால் ஹை ஸ்பீட் சிங்க் பெரிதும் உதவும். பின்னணி தெரிய வேண்டும் என்றால் எஃப் 8, எஃப் 11 போதும். சாதாரண சிங்க் வேகத்திலேயே முடிக்கலாம்.

3. கேமரா மேல் வைத்து நேராக அடித்தால் முகம் தட்டையாகும். தள்ளி வைத்து அடிக்க வயர்லெஸ் வசதி உள்ளதையே வாங்க வேண்டும். டிரிக்கர் நம் கேமரா கம்பெனிக்கு உரியதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

4. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். பெரிய ஃப்ளாஷ் வாங்கப் பணமில்லை என்றால், சின்ன ஃப்ளாஷோடு ஓர் அடி முன்னே போகலாம்.

5. நல்ல ரீசார்ஜபிள் பேட்டரி இரண்டு செட். ஃப்ளாஷை விட்டுவிட்டு வந்தால்கூட யாரிடமாவது கடன் வாங்கலாம். பேட்டரி தீர்ந்தால் அன்றைய வேலை போச்சு.

6. முதல் படத்தில் முகம் வெள்ளையாக வந்தால் சந்தோஷப்படக் கூடாது. ஆளை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அப்புறம் திரையைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளாகும் வரை சக்தியைக் குறைக்க வேண்டும்.

முதல் பக்கம்

ஆல்பம் வாங்க மகளோடு அந்த அம்மாவும் வந்தார். வாசல் நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்து, "சொகமா இருக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

முதல் பக்கத்தைத் திறந்ததும் பேச்சு நின்றுவிட்டது. படத்தில் இருக்கும் தன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மகள், "என்னம்மா, நல்லா இல்லியா?" என்று பதறினாள்.

"இல்லட்டி… எங்க ஆத்தா மாதிரியில்லா இருக்கேன்."

அவருடைய ஆத்தாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவரும் இதே அளத்தில் உப்பு வாரியவர்தான். அவர் முகம் எப்படி இருக்கும் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல இதுவரை வழியில்லாமல் இருந்தது.

"தாயி, இதே மாதிரி பெருசா இன்னொண்ணு போட்டுத் தாயேன். வீட்டு நடையில மாட்டணும்" என்றார்.

வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அதுக்குக் காசு வாங்காதம்மா. அந்தப் போட்டோவை நான்தான் தரணும். இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாலயே தந்திருக்கணும்."

ஸ்டூடியோக் கண்ணாடி முன்னால் சீப்பும் பவுடர் டப்பாவும் இன்றும் இருக்கின்றன. கேட்பவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். யாரையும் பார்த்து, "பவுடர் போட்டுட்டு வாங்க" என்று மட்டும் அங்கே இப்போது சொல்வதில்லை.